சந்தானாவின் ப்ளூஸைத் தேடி: திஹுவானாவிலிருந்து ஃபில்மோர் வரை

வெள்ளி, திஹுவானா

ராக் கிட்டார் கலைஞர் கார்லோஸ் சந்தானாவைக் கொண்டாடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நேராக சான் பிரான்சிஸ்கோவில் இறங்கிவிடுகிறார்கள். பயணத்தை மெக்சிகோ எல்லையில் தொடங்குவதுதான் சரி. 1947 ஜூலை 20 அன்று ஹலிஸ்கோ மாநிலத்து அவுட்லான் ஊரில் பிறந்தவர் அவர். அப்பா ஹோசே, மரியாச்சி என்ற மெக்சிகோ நாட்டுப்புற இசையின் வயலின்காரர். மகனுக்கும் முதலில் கையில் கொடுத்தது வயலின்தான். ஐம்பதுகளின் நடுவில் குடும்பம் எல்லை நகரமான திஹுவானாவுக்கு வந்தது. அந்தப் பையன் மின்கிட்டாரில் ப்ளூஸை, அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையைக் கேட்டது இங்கேதான்.

வருகிற வழி: சான் டியேகோ நகர மையத்தில் ப்ளூ லைன் ட்ராலி ஏறினால் கடைசி நிறுத்தம் சான் இசிட்ரோ. அங்கிருந்து நடந்தே எல்லையைக் கடக்கலாம். அவெனிடா ரெவலூசியோன் தெருமுனையில் நிற்கும் பெரிய வளைவு வரை நடக்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களிடம் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். ஆனால் திரும்பி வர, அந்த அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். கிளம்பும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள். வார இறுதி மாலையில் அமெரிக்கப் பக்கம் திரும்பும் வரிசை மணிக்கணக்கில் நீளும். காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுவது நல்லது.

பார்க்க வேண்டிய இடம் பார்க்கே தெனியென்தே கெரேரோ என்ற பூங்கா. வளைவிலிருந்து நடக்கும் தூரம்தான். கிட்டார் கலைஞர் ஹாவியேர் பாதீஸும் அவருடைய லாஸ் டிஜேஸ் குழுவும் இங்கே வாசித்ததைக் கேட்டுத்தான் சிறுவன் கார்லோஸ் வயலினை ஓரம் வைத்தான். பாதீஸ் 1944இல் இதே ஊரில் பிறந்தவர், 2024 டிசம்பரில் காலமானார். பி.பி. கிங், டி-போன் வாக்கர், ஜான் லீ ஹூக்கர் ஆகிய ப்ளூஸ் மேதைகள் எல்லாரும் பாதீஸின் விரல் வழியாகத்தான் முதலில் சந்தானாவை அடைந்தார்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சந்தானாவை ‘லத்தீன் இசையில் பிறந்து, பிறகு அமெரிக்காவில் ப்ளூஸ் கற்றவர்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. நடந்தது கிட்டத்தட்ட தலைகீழ். மெக்சிகோவில் இருந்தபோதே அவர் ப்ளூஸ் கிட்டார்காரர். கியூபத் தோல்வாத்தியங்களான கோங்காவும் டிம்பாலேயும் அவர் வாழ்க்கையில் அழுத்தமாக நுழைந்தது சான் பிரான்சிஸ்கோவில்.

பூங்காவிலிருந்து ரெவலூசியோன் தெருவுக்குத் திரும்பினால், பதின்வயதுச் சந்தானா எல் கொன்வோய் என்ற கேளிக்கை விடுதியில் மாலை தொடங்கி இரவு முழுக்க வாசித்த வட்டாரம். பழைய விடுதியைத் தேடி அலைய வேண்டாம். தெருவின் நீளத்தை ஒருமுறை நடந்தால் போதும். ஆடுபவர்களுக்கும் குடிப்பவர்களுக்கும் இடையே, ஒரே பாட்டை நீட்டி நீட்டி வாசிக்கும் பயிற்சி எப்படி வந்திருக்கும் என்று விளங்கும்.

சனி, மிஷன் வட்டாரம்

சான் பிரான்சிஸ்கோ. பார்ட் ரயிலில் 16ஆம் தெரு மிஷன் நிறுத்தம் அல்லது 24ஆம் தெரு மிஷன் நிறுத்தம், இரண்டில் எதில் இறங்கினாலும் நடந்து பார்க்கலாம். அறுபதுகளின் தொடக்கத்தில் குடும்பம் இங்கே குடியேறியது. 18ஆம் தெருவில், டோலோரஸ் பூங்காவுக்கு எதிரே இருக்கும் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் அவர் 1965இல் படிப்பை முடித்தார். பிறகு உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை, மாலையில் கிட்டார்.

தெற்கு வான் நெஸ் சாலையும் 22ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் சந்தானாவின் உருவம் கொண்ட சுவரோவியம் உண்டு. மதியத்துக்குப் பிறகு போனால் புகைப்படத்துக்கு வெளிச்சம் பார்த்து நிற்க வேண்டிவரும், காலையே நல்லது. இந்த மூலையில் நிற்கும் ரசிகர்கள் செய்யும் முதல் காரியம் கைதட்டி கிளேவ், அதாவது கியூப இசையின் ஆதாரத் தட்டு, பிடிப்பது. ஒரு சுற்றை 16 சிறு பங்காகப் பிரித்து 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில் தட்டினால் அது மூன்று-இரண்டு சோன் கிளேவ். நான்காவது தட்டு 11இல் விழ வேண்டும். பழக்கமில்லாதவர்கள் அதை 10இல் போட்டுவிடுவார்கள். அங்கேதான் மொத்தக் கூட்டமும் சரிந்துவிடும்.

தாளத்தைப் பேசாமல் சந்தானாவின் ப்ளூஸைப் பேச முடியாது. ப்ளூஸில் ஷஃபிள் என்பது ஒவ்வொரு தட்டையும் மூன்றாகப் பகுப்பது, நம் கணக்கில் திஸ்ர நடை. கியூபா வழி வந்த தாளங்கள் நான்காகப் பகுக்கும், சதுஸ்ர நடை. ஷஃபிளிலேயே ஊறிய கிட்டார்காரர் ‘ஓயே கோமோ வா’ என்ற கியூபத் தாளப் பாட்டின் மேல் வாசிக்கும்போது கை தானாகவே மூன்றுக்கு இழுக்கும். கோங்கா ஒரு பக்கம், கிட்டார் ஒரு பக்கம் என்று உரசும். சந்தானாவின் வழி எளிமையானது: வேகமான துணுக்குகளைக் குறைத்து நீண்ட ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொள்வது. நீண்ட சுரத்துக்கு நடை கிடையாது. தோலிசைக்காரர்கள் நான்கு நான்காக ஓட, கிட்டார் ப்ளூஸ் அழுகையை அதன் மேல் விரித்துவிடுகிறது.

ஞாயிறு, ஃபில்மோர்

16ஆம் தெருவில் 22 ஃபில்மோர் பேருந்தைப் பிடித்தால் மாற்றாமலேயே ஃபில்மோர் தெருவும் கியரி சாலையும் சந்திக்கும் முனைக்கு வந்துவிடலாம். மிஷன் பையன்கள் ப்ளூஸ் கேட்கப் போன இடத்துக்கு இன்றைக்கும் ஒரே பேருந்து என்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது.

ஃபில்மோர் அரங்கின் முகவரி கியரி சாலை 1805. நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள். ஆகவே யார் வாசித்தாலும் சரி, ஒரு நுழைவுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாசலருகே ஆப்பிள் நிரம்பிய தொட்டி இருக்கும், எடுத்துக்கொள்ளலாம், இலவசம். மேல்மாடியில் பழைய சுவரொட்டிகள் நிறைந்த அறை. கதவு திறந்த உடனே மேலே போய்விடுங்கள், நிகழ்ச்சி தொடங்கியபின் அங்கே நகர இடமிருக்காது. அந்தச் சுவரொட்டிகளில் பெயர்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தைக் கவனியுங்கள். அரங்கை நடத்திய பில் கிரஹாம் ராக் குழுக்களோடு ஒரே மேடையில் ப்ளூஸ் மேதைகளை ஏற்றினார். 1967 பிப்ரவரியில் இங்கே பி.பி. கிங் வந்தபோது, பெரும்பாலும் வெள்ளை இளைஞர்களான கூட்டம் அவர் ஒரு சுரம் வாசிக்கும் முன்பே எழுந்து நின்று வரவேற்றது. சந்தானா அந்த இரவைத் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்திருக்கிறார்.

அவருடைய சொந்த வாய்ப்பும் இங்கேதான். 1966இல் ப்ளூஸ் குழுத் தலைவர் பால் பட்டர்ஃபீல்ட் வாசிக்கும் நிலையில் இல்லாத ஒரு ஞாயிறு, இருந்தவர்களை வைத்து ஒரு கூட்டு வாசிப்பு நடந்தது. அதில் நுழைந்த சந்தானாவை கிரஹாம் கவனித்தார். அதே ஆண்டு தொடங்கிய குழுவின் பெயரே சந்தானா ப்ளூஸ் பேண்ட். இந்தப் பெயரை மறந்துவிட்டு விவாதம் செய்கிறவர்களிடம் அதை முதலில் நினைவூட்ட வேண்டும்.

சந்தானாவின் ப்ளூஸ் யாரிடமிருந்து வந்தது என்ற விவாதத்துக்கு வருவோம். சந்தானா ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இது கிளம்பாமல் இருக்காது. ஒரு சாரார் பி.பி. கிங்தான் எல்லாம் என்பார்கள். இன்னொரு சாராருக்கு ஃப்ளீட்வுட் மேக் என்ற பிரிட்டிஷ் குழுவின் கிட்டார்காரர் பீட்டர் கிரீன். ஹங்கேரிய ஜாஸ் கிட்டார்காரர் காபோர் சாபோவைச் சொல்பவர்கள் எண்ணிக்கையில் குறைவு, பிடிவாதத்தில் அதிகம். மூன்று பேரையும் ஒரே பாட்டில் வைத்துக் கேட்கலாம் என்பதால் ‘பிளாக் மேஜிக் வுமன்’ இந்த வாதத்தின் களமாக இருக்கிறது.

இந்தப் பாட்டை பீட்டர் கிரீன் எழுதி ஃப்ளீட்வுட் மேக் 1968இல் சிங்கிளாக வெளியிட்டது. அதற்குப் பின்னால் நிற்பது ப்ளூஸ் கிட்டார்காரர் ஓடிஸ் ரஷ் சிகாகோவின் கோப்ரா நிறுவனத்துக்காக 1958இல் பதிவு செய்த ‘ஆல் யுவர் லவ்’. மைனர் ப்ளூஸ், அடியில் ரும்பா சாயல் கொண்ட தாளம், நடுவில் திடீரென்று ஷஃபிளுக்குத் தாவல். கிரீன் இந்தக் கட்டுமானத்தை எடுத்துக்கொண்டு தன் பாட்டின் முடிவில் ஷஃபிளுக்குத் தாவினார். 1970இல் ‘அப்ராக்சஸ்’ தொகுப்பில் சந்தானா அதே பாட்டை எடுத்தபோது, ஷஃபிள் வர வேண்டிய இடத்தை வெட்டிவிட்டு அங்கே சாபோவின் ‘ஜிப்சி குவீன்’ இசையைப் பொருத்தினார். ரஷ்ஷும் கிரீனும் ப்ளூஸுக்குத் திரும்பும் அதே வாசலில் சந்தானா வேறு பக்கம் இறங்குகிறார். என் கணிப்பில், அவருடைய ப்ளூஸ் எது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. ரஷ்ஷின் மைனர் வருத்தத்தை வைத்துக்கொண்டார், ஷஃபிளை விட்டுவிட்டார்.

லத்தீன் தாளத்தை ப்ளூஸில் கலந்தவர் சந்தானா என்று சொல்வதும் பிழையாகிறது. ரஷ் 1958இல் செய்ததை விடுங்கள். கியூபாவுக்குப் போய் வந்த ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ.சி. ஹேண்டி 1914இல் ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ பாட்டின் ஒரு பகுதியை ஹபனேரா என்ற கியூபத் தாளத்திலேயே எழுதிவிட்டார். ப்ளூஸுக்குள் ஏற்கெனவே இருந்த கியூபாவை நிஜமான கோங்கா, டிம்பாலே வைத்து முன்னுக்குக் கொண்டுவந்ததுதான் சந்தானா குழுவின் சாதனை. அதுவே போதுமான அளவுக்குப் பெரியது.

இரவு இன்னொரு பெயரும் வாதத்தில் வர வேண்டும்: மைக்கேல் புளூம்ஃபீல்ட். பட்டர்ஃபீல்ட் குழுவில் அவர் வாசித்த ‘ஈஸ்ட்-வெஸ்ட்’ 1966இல் வந்தது. 13 நிமிடம், ஒரே ஆதார சுருதியின் மேல், ராக இசையின் போக்கைப் பார்த்து நீட்டிய ப்ளூஸ். ஃபில்மோர் கூட்டம் நீண்ட கிட்டார் வாசிப்பைப் பொறுமையாகக் கேட்கப் பழகியதில் இவருடைய பங்கு பெரிது.

திங்கள், ஒத்திகை அறை

இன்று ஊர் சுற்றல் இல்லை. மணிக்கணக்கு வாடகைக்கு விடும் ஒத்திகை அறை ஒன்றில் ட்யூப் ஆம்பும் 12 அங்குல ஸ்பீக்கரும் வைத்து, வாதத்தைக் கையால் சோதிக்கும் நாள். கிட்டார் கொண்டு வராதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம், ஆனால் தாண்ட வேண்டாம் என்பேன்.

முதலில் பாட்டின் எலும்புக்கூடு. ‘பிளாக் மேஜிக் வுமன்’ டி மைனரில், 12 பார் (தாள அளவு); ‘எம்’ என்றால் மைனர் கோர்ட். டிஎம் இரண்டு, ஏஎம் இரண்டு, டிஎம் இரண்டு, ஜிஎம் இரண்டு, பிறகு டிஎம் ஒன்று, ஏஎம் ஒன்று, டிஎம் இரண்டு. வழக்கமான ப்ளூஸில் ஐந்தாம் பாரில் நான்காம் கோர்ட் வரும். இங்கே மூன்றாம் பாரிலேயே ஐந்தாம் கோர்ட் வந்துவிடும், நான்காம் கோர்ட் ஏழாம் பார் வரை காத்திருக்கும். எண்ணிக்கை ப்ளூஸ், அடுக்கு வேறு. பழக்கத்தில் கை ஐந்தாம் பாரில் ஜிஎம்முக்குப் போய்விடும், அதனால் முதல் சில சுற்று வாய்விட்டு எண்ணுவது நல்லது.

அடுத்து சுரங்கள். அடிப்படை மைனர் பென்டடானிக், அதாவது நம் சுத்த தன்யாசி. அதற்குள் இருக்கும் வரை மைனரில் அமைந்த சந்தானா பாட்டுகளில் ஆபத்தில்லை. ஆறாம் சுரத்தைச் சேர்க்கும்போதுதான் சிக்கல். ‘ஓயே கோமோ வா’வில் ஏஎம்7, டி9 என்று இரண்டே கோர்ட், டி9இல் எஃப் ஷார்ப் இருக்கிறது. ஆகவே சதுச்ருதி தைவதம், கரகரப்ரியாவின் சாயல். ‘ஈவில் வேஸ்’ பாட்டில் ஜிஎம்7, சி7 ஆட்டமும் அப்படித்தான். ஆனால் ‘பிளாக் மேஜிக் வுமன்’ பாட்டின் ஜிஎம் கோர்டில் பி ஃபிளாட் இருக்கிறது. அங்கே சுத்த தைவதம், நடபைரவி. எல்லாச் சந்தானா பாட்டுக்கும் ஒரே டோரியன் (கரகரப்ரியா) அளவுகோலை ஓட்டுகிறவர்கள் ஏழாம் பாரில் பி நேச்சுரலைப் போட்டு மாட்டிக்கொள்வார்கள். கோர்டின் பி ஃபிளாட்டோடு அரைச்சுரத்தில் மோதும், கேட்கச் சகிக்காது.

மூன்றாவது, பி.பி. கிங் பங்கு: சுரத்தை வளைப்பது. பி தந்தியின் 13ஆம் கட்டத்து (ஃபிரெட்) சி சுரத்தை ஒரு முழுச்சுரம் தள்ளினால் டி. முதலில் 15ஆம் கட்டத்தை நேராக வாசித்து டி எங்கே இருக்கிறது என்று காதில் ஏற்றிக்கொண்டு, பிறகு 13இலிருந்து தள்ளுங்கள். மோதிர விரல் மட்டும் தள்ளினால் சுருதிக்கு எட்டாமல் நின்றுவிடும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பின்னால் முட்டுக்கொடுக்க வேண்டும். கிங் பாடும்போது வாசிக்க மாட்டார், வாசிக்கும்போது பாட மாட்டார்; குரல் கேட்டதற்குக் கிட்டார் பதில் சொல்லும். சந்தானா பாடகர் அல்ல. குழுவில் பாடியவர் கிரெக் ரோலி. ஆனால் அந்தக் கேள்வி பதில் ஒழுங்கு அப்படியே இருக்கிறது: ரோலியின் வரி முடியும் இடத்தில்தான் கிட்டார் வாய் திறக்கும்.

நான்காவது, நீண்டு நிற்கும் சுரம். இதை எஃபெக்ட் பெட்டியில் தேடுகிறார்கள். பாதிக்கு மேல் அறையின் இயற்பியல்தான். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி தந்தியைத் திரும்பத் தாக்கி அதிர்வை ஊட்டுகிறது. அலை தந்தியின் அசைவோடு ஒத்து வந்து சேர்ந்தால் சுரம் நிற்கும், தவறினால் சாகும் அல்லது மேல் ஸ்தாயிக்குத் தாவும். முதல் தந்தியின் ஐந்தாம் கட்டத்து ஏ, 440 ஹெர்ட்ஸ். காற்றில் அதன் அலைநீளம் சுமார் 78 செ.மீ. ஆகவே 40 செ.மீ. அளவுக்கு நகர்ந்தாலே நிலைமை தலைகீழாகும். ஆம்புக்கு எதிரே இரண்டு மீட்டரில் நின்று சுரத்தை அடித்து, மெல்ல முன்னும் பின்னும் நகருங்கள். நிற்கும் இடம் கிடைத்ததும் தரையில் டேப் ஒட்டுங்கள். சந்தானாவும் மேடையில் இப்படி இடம் தேடிக் குறித்துவைப்பதைச் சொல்லியிருக்கிறார். ஒலியளவு போதவில்லை என்றால் எந்த இடமும் வேலை செய்யாது. காதடைப்பான் கட்டாயம்.

உட்ஸ்டாக் இசைவிழா மேடையில் அவர் கையில் இருந்தது பி-90 பிக்கப் கொண்ட கிப்ஸன் எஸ்ஜி ஸ்பெஷல். ஒற்றைச் சுருள் பிக்கப் என்பதால் 60 ஹெர்ட்ஸ் மின் இரைச்சலை இழுக்கும். அதிக கெயினில் இது பெரிதாகக் கேட்கும். நின்ற இடத்திலேயே உடம்பை மெல்லத் திருப்பினால் இரைச்சல் அடங்கும் ஒரு கோணம் கிடைக்கும். சுரம் நிற்கும் இடமும் இரைச்சல் அடங்கும் கோணமும் ஒன்றாக அமைவதுதான் பாடு.

ஆம்ப் பற்றியும் கொஞ்சம். பே ஏரியாவில் ஆம்ப் பழுது பார்த்துக்கொண்டிருந்த ராண்டல் ஸ்மித், சிறிய ஃபெண்டர் பிரின்ஸ்டன் பெட்டிக்குள் பாஸ்மேன் வகைச் சுற்றையும், பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களையும், 12 அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கரையும் அடைத்தார். அதை வாசித்துப் பார்த்த சந்தானா, இந்தக் குட்டிப் பெட்டி என்னமாய் ‘பூகி’ ஆடுகிறது என்று வியக்க, மீசா பூகி என்ற பெயர் பிறந்தது. பின்னாளில் ஸ்மித் முன்பக்கச் சுற்றில் இன்னொரு ட்யூப் படியைச் சேர்த்தார். ஒரு படி அடுத்த படியை நிரப்பி வழியவிடுவதால், குறைந்த ஒலியளவிலும் சுரம் நீண்டது.

செவ்வாய், மார்க்கெட் தெருவும் அக்வாட்டிக் பார்க்கும்

மார்க்கெட் தெருவும் தெற்கு வான் நெஸ்ஸும் சந்திக்கும் முனை: 1968 ஜூலை முதல் 1971 ஜூலை 4 வரை ஃபில்மோர் வெஸ்ட் இயங்கிய மாடி. மூடுவிழா இரவில் சந்தானா குழுவும் வாசித்தது. பிறகு பல காலம் கார் விற்பனைக்கூடமாக இருந்தது. பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, ஐந்து நிமிடம் போதும். ஆனால் 1968 செப்டம்பரில் புளூம்ஃபீல்டும் ஆல் கூப்பரும் இங்கே நேரடிப் பதிவு செய்தபோது, புளூம்ஃபீல்ட் உடல்நிலை காரணமாக இல்லாத நேரத்தில் சந்தானா ‘சோனி பாய் வில்லியம்ஸன்’ என்ற பாட்டில் வாசித்தார். அவர் வாசிப்பு முதன்முதலாக இசைத்தட்டில் ஏறியது அதில்தான். நேரான ப்ளூஸ் பாட்டு, கோங்கா கிடையாது. பி.பி. கிங் கட்சிக்காரர்களுக்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம்.

மார்க்கெட் தெருவிலேயே எஃப் டிராம் பிடித்துக் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால், பத்து நிமிட நடையில் அக்வாட்டிக் பார்க். அறுபதுகளில் தோல்வாத்தியக்காரர்கள் கடற்கரைப் படிகளில் கூடி மணிக்கணக்கில் வாசித்த இடம். குழுவின் கோங்காக்காரர் மைக்கேல் கரபெல்லோ இந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர். டிம்பாலே கலைஞர் ஹோசே ‘செப்பிட்டோ’ ஆரியாஸ் நிகராகுவாக்காரர். ப்ளூஸ் பேண்ட் என்ற சொல் பெயரிலிருந்து உதிர்ந்ததற்கான காரணம் இவர்கள்தான். மாலையில் காற்று கடுமை. கோடையிலும் கம்பளிச் சட்டை வேண்டும்.

புதன், ஹெய்ட் தெரு

கடைசியாக, கேட்க வேண்டியதை வாங்கும் நாள். எண் 7 பேருந்து ஹெய்ட் தெரு வழியாகப் போகும். 1855ஆம் எண்ணில் அமீபா இசைக்கடை, முன்பு பௌலிங் கூடமாக இருந்த கட்டடம். உள்ளே நுழைந்ததும் சந்தானா பெயர் போட்ட ராக் அலமாரிக்கு ஓடாதீர்கள். மற்றவற்றை எடுத்துக்கொண்டு அங்கே கடைசியில் போகலாம்.

ப்ளூஸ் பகுதியில் ஓடிஸ் ரஷ்ஷின் கோப்ரா காலத் தொகுப்பு எதுவானாலும் எடுங்கள், ‘ஆல் யுவர் லவ்’ இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு. ஃப்ளீட்வுட் மேக் தேடும்போது பலர் ஏமாறுவது இங்கே: ‘பிளாக் மேஜிக் வுமன்’ சிங்கிளாக வந்த பாட்டு, அவர்களுடைய முதல் இரண்டு பிரிட்டிஷ் ஆல்பங்களில் கிடையாது. 1969இல் வந்த ‘இங்கிலீஷ் ரோஸ்’ அல்லது ‘தி பயஸ் பேர்ட் ஆஃப் குட் ஓமன்’ தொகுப்பில் இருக்கும். சாபோவின் 1966 ‘ஸ்பெல்பைண்டர்’ ஜாஸ் பகுதியில் கிடைக்கும். அதன் அட்டையில் தாளக் கலைஞர்கள் வரியைப் படியுங்கள்: வில்லி போபோ. ‘ஈவில் வேஸ்’ பாட்டை 1967இல் முதலில் பதிவு செய்தவர் அவர். சாபோ கட்சியின் பிடிவாதத்துக்கு இதில் நியாயம் இருக்கிறது. சந்தானா ஒரே இசைத்தட்டிலிருந்து கிட்டாரையும் தாளத்தையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். லத்தீன் பகுதியில் டிட்டோ புவென்டேயின் 1962 ‘எல் ரே பிராவோ’. அதில் ‘ஓயே கோமோ வா’வின் மூலம், புல்லாங்குழலோடு. சந்தானா பதிவில் அந்த இடத்தை ரோலியின் ஹாமண்ட் ஆர்கனும் கிட்டாரும் எடுத்துக்கொண்டிருப்பது அப்போது புரியும்.

1998இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் மரியாதை சந்தானாவுக்கும் ஃப்ளீட்வுட் மேக்குக்கும் ஒரே மாலையில் கிடைத்தது. அன்று மேடையில் பீட்டர் கிரீனும் சந்தானாவும் சேர்ந்து ‘பிளாக் மேஜிக் வுமன்’ வாசித்தார்கள். கிரீன் கட்சியினர் இதைத்தான் முத்திரையாகக் காட்டுவார்கள்.

பையில் இடமிருந்தால் ஜான் லீ ஹூக்கரின் 1989 ‘தி ஹீலர்’ தட்டையும் சேருங்கள். தலைப்புப் பாட்டில் சந்தானாவும் அவருடைய தாளக்காரர்களும். ஹூக்கர் எப்போதும் போல ஒரே இடத்தில் நின்று பேசுவது மாதிரிப் பாடுகிறார், 12 பார் எண்ணிக்கைக்கு அடங்காமல். அடியில் சதுஸ்ர நடை ஓடுகிறது. ஹூக்கர் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை, சந்தானா குழுவும் மாற்றிக்கொள்ளவில்லை. திஹுவானா பூங்காவில் பாதீஸ் வழியாக இரவல் கேட்ட குரல், இங்கே அவருடைய கிட்டாருக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. இந்தப் பாட்டைக் கேட்கும்போது ஹெட்ஃபோன் வேண்டாம். ஸ்பீக்கரில், கோங்கா தரையில் தெரிகிற அளவுக்கு வைத்துக் கேளுங்கள்.